எள்ளுத்தாத்தா பஸ்ராவில் செத்தாரா, பம்பாயில் குடும்பம் நடத்தினாரா?

வணக்கம் மக்களே. முதல் உலகப் போர் என்றால் நம்ம சென்னைக்காரர்கள் வாயில் வருகிற ஒரே பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் வந்தது, பர்மா ஆயில் கம்பெனி டாங்க் பற்றி எரிந்தது, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள், ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, எல்லாம் சரி, நானே அதற்கு ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பட்டாளத்தில் சேர்ந்து அதே போருக்குக் கப்பல் ஏறிப் போனார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர்கள் 74,000 பேருக்கு மேல்.

அந்தக் கணக்கில் என் எள்ளுத்தாத்தாவும் ஒருத்தராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏன் என்று போகப் போகப் புரியும்.

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன், ஆனால் அம்மா வழி பூர்வீகம் வாலாஜா பக்கம். என் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆயாவோட தாத்தாதான் நான் சொல்கிற ஆள். பேரைச் சொல்லவேண்டாம் என்று வீட்டில் கண்டிஷன், அதனால் முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். பஸ்ராவுக்குப் போனார், வரவில்லை, அவ்வளவுதான் குடும்பத்துக்குத் தெரிந்த கதை. இதில் எங்கள் பெரியம்மா கட்சி வேறு. அவர் செத்தெல்லாம் போகவில்லை, பம்பாயில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு செட்டில் ஆகிவிட்டார் என்பார். ஆதாரம் என்ன பெரியம்மா என்றால், கடைசிக் கடுதாசி பம்பாயிலிருந்துதான் வந்ததாம். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. மெசபடோமியாவுக்கு, அதாவது பஸ்ரா இருக்கிற இன்றைய இராக்குக்கு, பட்டாளக் கப்பல்கள் கிளம்பியதே பம்பாயிலிருந்தும் கராச்சியிலிருந்தும்தான். பஸ்ராவுக்குப் போகிறவன் கடைசியாக பம்பாயிலிருந்து கடுதாசி போட்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்களிடம் இருக்கிற ஒரே பொருள் ஒரு மெடல். வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, இன்னொரு பக்கம் குதிரைமேல் உடம்பில் துணி இல்லாத ஒரு ஆள், 1914, 1918 என்று வருஷம். குதிரைமேல் ஆள் உட்கார்ந்திருந்தால் நம் வீட்டில் அது யார்? ஐயனார். அதனால் அது சாமி அலமாரிக்குப் போய்விட்டது, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு விபூதி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்துவிடுவார்கள். நான் அது இங்கிலீஷ்காரர்களின் புனிதர் ஜார்ஜ், மறுபக்கத்து ராஜா ஜார்ஜ் வேறு என்று சொல்லிப் பார்த்தேன், ஆயா காதில் வாங்கவில்லை. இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். காசுக்கு விளிம்பு இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு விளிம்பு, அதில் அந்த ஆளுடைய படை எண், பதவி, பெயர், எந்தப் படை எல்லாம் பொறித்திருக்கும். போன் டார்ச்சை மேலே நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து தெரியும். எங்கள் மெடலில் நாலு இலக்க எண், சாப்பர் என்ற பதவி, பெயர், அப்புறம் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்'. இதை விரித்தால் இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம்ம மதராஸ் சாப்பர்கள், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை. பாலம் போடுவது, ரோடு போடுவது, பதுங்குகுழி வெட்டுவது இவர்கள் வேலை. துப்பாக்கியும் உண்டு, கடப்பாரையும் உண்டு.

இந்த இடத்தில் பல பேர் அவசரப்பட்டு விடுகிறார்கள். மெடல் இருக்கிறது, அப்படியானால் போரில் செத்தார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கிடையாது. இந்த வெள்ளி மெடல் உயிரோடு திரும்பியவர்களுக்கும் கொடுத்ததுதான், லட்சக்கணக்கில் அடித்தார்கள். தொழிலாளர் படையில் கூலி வேலைக்குப் போன பலருக்கு இதே மெடல் வெண்கலத்தில். செத்தவர் குடும்பத்துக்கு என்று தனியாக ஒன்று கொடுத்தார்கள், கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் அகலத்தில் வெண்கலத் தகடு, பிரிட்டானியா என்கிற பெண் உருவமும் ஒரு சிங்கமும் இருக்கும், பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. அது உங்கள் வீட்டில் இருந்தால் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் இல்லை. கிடைக்கவே இல்லையா, பஞ்ச காலத்தில் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போனதா, யார் கண்டது.

அப்புறம் ஒரு வம்பு. நூறு வருஷம் விபூதி போட்டுத் தேய்த்ததில் எண்ணுடைய கடைசி இலக்கம் போய்விட்டது. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நாள் 3 மாதிரி, ஒரு நாள் 8 மாதிரி.

சரி, பெயரை வைத்துத் தேடலாமே என்றால், நம் பெயர்களை வெள்ளைக்கார கிளார்க் எழுதிய லட்சணம் தெரியுமா? முனுசாமிக்கே முனிசாமி, மூனுசாவ்மி, முனிஸ்வாமி என்று விதவிதமாக இருக்கிறது, அதிலும் அந்தப் படையில் முனுசாமிகளுக்குப் பஞ்சமா? அதனால்தான் எண், எண் என்று அடித்துக்கொள்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று, 1917-இல் ஆரம்பித்தது, போரில் இறந்தவர்கள் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். அதில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எண்ணையும் படையையும் மட்டும் போட்டுப் பாருங்கள். முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள், போர் முடிந்து வியாதியில் போனவர்களும் அதில் வருவார்கள்.

8 போட்டேன். யாரும் இல்லை. 3 போட்டேன். ஒருத்தர் வந்தார். சாப்பர், 1917, பஸ்ரா நினைவுச் சின்னம். அப்பா பெயர் சின்னக்கண்ணு, வாலாஜா, வட ஆற்காடு. ஆயாவிடம் போய் உன் தாத்தாவோட அப்பா பெயர் என்ன என்று கேட்டேன், நான் பார்த்ததைச் சொல்லாமல்தான் கேட்டேன். சின்னக்கண்ணு என்றார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆனால் பாருங்கள், அதில் போட்டிருக்கிற கிராமம் எங்களுக்குத் தெரியாத கிராமம். சின்னக்கண்ணு அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். அதனால் முக்கால்வாசி நம்புகிறேன், கால்வாசி பாக்கி.

இப்போது அந்த பஸ்ரா சின்னத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்த இடம் அது. 1929-இல் திறந்தார்கள். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாத 40,500 பேருக்கு மேல் அதில் கணக்கு, பெரும்பான்மை இந்தியர்கள். பிரிட்டிஷ் சோல்ஜராக இருந்தால் கடைசிச் சிப்பாய் வரைக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். இந்தியராக இருந்தால் அதிகாரிக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு? படை பெயரைப் போட்டு, இத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள்தானே, பெயர் வெட்டி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. இது நானாகச் சொல்வதில்லை, அந்த ஆணையமே 2021-இல் ஒரு அறிக்கை விட்டு, ஆசியா, ஆப்பிரிக்காவிலிருந்து போன 45,000 முதல் 54,000 பேரைச் சமமாக நினைவுகூரவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பதியவில்லை, அல்லது நினைவே இல்லாமல் போயிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டது.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், பிரான்சில் நூவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927-இல் இந்தியர்களுக்கு என்றே ஒரு சின்னம் கட்டினார்கள், அங்கே 4,700 பேருக்கு மேல் பெயர் இருக்கிறது, சிப்பாய் பெயரும் இருக்கிறது. ஐரோப்பாவில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெயர், பாலைவனத்தில் எண்ணிக்கை. நம் ஊரிலும் அதே கதைதான். வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறதே, அதன் கீழே காய்கறி வாங்கியிருப்பீர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? இங்கிருந்து போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் கொடுத்தவர்கள் 14 பேர். அந்த 14 பேர் யார்? கல்லில் இல்லை. கிராமங்களில் இந்த மாதிரிக் கல்வெட்டு இன்னும் பல இருக்கிறது, எல்லாம் ஒரே வாய்ப்பாடு.

பஸ்ரா சின்னத்தை 1997-இல் சதாம் உசேன் உத்தரவில் நாசிரியா போகிற ரோட்டில் பாலைவனத்துக்கு நடுவில் மாற்றி வைத்துவிட்டார்கள். அங்கே போய்ப் பார்க்கிற யோசனை எனக்கு இல்லை, போனாலும் அவர் பெயர் கல்லில் இருக்காது. கணினிப் பட்டியலில்தான் இருக்கிறது.

சென்னையில் எங்கே தேடலாம்? நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனேன், மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அப்படி ஒரு புல்வெளி, தோட்டக்காரர்கள் ஒரு களை விடமாட்டார்கள். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் இரண்டாம் போர்க் காலத்துக் கல்லறைகள், பின்பக்கம் இருக்கிற முதல் போர்ச் சின்னமும் இந்தியாவுக்குள் புதைக்கப்பட்டவர்களுக்கு. இராக்கில் இறந்தவரை இங்கே தேடிப் பிரயோஜனம் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே இருப்பது மதராஸ் அரசாங்கத்தின் காகிதம். மதராஸுக்குத் தனி ராணுவம் என்பது 1895-லேயே முடிந்து எல்லாம் இந்திய அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது, அதனால் ஒரு தனிச் சிப்பாயின் சர்வீஸ் விவரத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, படை பெயரில் ஊர் இருந்தால் ஆளும் அந்த ஊர் என்று நினைக்கவேண்டாம். 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபென்ட்ரி என்று ஒன்று இருந்தது, அதற்காக அதில் இருந்தவர்கள் எல்லாம் பாளையங்கோட்டைக்காரர்கள் இல்லை, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் போய் இறங்கி, ஜெர்மன்காரன் சுட்டது பாதி, தேனீ கொட்டியது மீதி என்று திரும்பிய கூட்டத்தில் அதுவும் உண்டு. தேனீ கதை நிஜம், இன்னொரு வீடியோவில் சொல்கிறேன்.

உங்கள் ஆள் இரண்டாம் போருக்குப் போனவர் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி, ரங்கூன் பக்கத்து தௌக்கியான் போர்க் கல்லறைகளைப் பாருங்கள். சயாம் ரயில் போடப் போய் இறந்த மலேயாத் தமிழர்கள் சிப்பாய்கள் இல்லை, அவர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள், நேதாஜி படையில் சேர்ந்து இறந்தவர்களையும் இதில் தேடி ஏமாறாதீர்கள்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் வந்ததைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், 'அப்படின்னா அந்தப் பணம் இதுக்குத்தான்' என்றார். என்ன பணம்? அவருடைய ஆயா, அதாவது முனுசாமியின் பெண்டாட்டி, வாலாஜா தாலுகா ஆபீசுக்குப் போய்க் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கி வருவாராம், வரும்போது பொரிகடலை வாங்கி வருவார் என்பதால் ஆயாவுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷம் நாங்கள் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவே இல்லை. பம்பாயில் வாழ்கிற ஆளின் பெண்டாட்டிக்கு சர்க்கார் ஏன் மாசாமாசம் பணம் கொடுக்கிறது? ஆனால் அதே அம்மாள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை என்பதும் ஆயாதான் சொன்னார். உடம்பைப் பார்க்காமல் நான் எப்படி எடுப்பேன் என்றாராம். பென்ஷன் வாங்குகிற கை, கழுத்தில் தாலி, ஊர்க்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் பாருங்கள். பெரியம்மாவுடைய பம்பாய்க் கதை பிறந்தது அங்கேதான் என்பது என் ஊகம்.

இப்போது பெங்களூர் சாப்பர்ஸ் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், 3, 8 இரண்டு எண்ணையும் போட்டு, அப்பா பெயர், தாலுகா எல்லாம் போட்டு, மெடல் விளிம்பின் போட்டோ வைத்து. 8 என்ற எண்ணில் வேறு ஒருத்தர் இருந்தார் என்று மட்டும் அவர்கள் சொன்னால் போதும், மீதிக் கால்வாசியும் தீர்ந்துவிடும். மெடலை இனிமேல் தேய்க்கவேண்டாம் என்று ஆயாவிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன், குங்குமம் மட்டும் வைத்துக்கொள்வாராம்.

பதில் வந்தால் போடுகிறேன். பெரியம்மாவுக்கு இந்த லிங்க்கை யாரும் பார்வர்ட் பண்ணவேண்டாம், அவருக்கு நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.