பையில் தைத்த மேப்பிள் இலை

நேயர்களுக்கு வணக்கம்.

2004-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டி-ஷர்ட் விற்கும் ஒரு கம்பெனி புதிதாக ஒரு தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனடா கொடி போட்ட டி-ஷர்ட், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின், பையில் ஒட்ட ஒரு கொடி, கனடாவைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒரு சிறு கையேடு. யாருக்காக? வெளிநாட்டில் கனடாக்காரர் போலக் காட்டிக்கொள்ள விரும்பும் அமெரிக்கர்களுக்காக. ஈராக் போர் தொடங்கியதற்கு அடுத்த வருடம் அது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பையில் கனடாக் கொடியிலுள்ள மேப்பிள் இலையைத் தைத்துக்கொண்டு ஊர் சுற்றிய அமெரிக்க இளைஞர்கள் உண்டு.

அமெரிக்கர் என்றால் சத்தமாகப் பேசுவார், பணத்தைக் காட்டுவார், தன் நாட்டைத் தாண்டி ஒன்றும் அறியாதவர். கனடாக்காரர் என்றால் சாது, பணிவானவர். உலகம் வைத்திருக்கும் படம் இது. அந்த இரு நாட்டவரும் தங்களைப் பற்றி வைத்திருக்கும் படமும் ஏறக்குறைய இதுதான். 49 பண்பாடுகளில் இதைச் சோதித்து, டெரச்சியானோ, மெக்ரே உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். 'உங்கள் நாட்டவர் பொதுவாக எப்படிப்பட்டவர்' என்று கேட்டு வாங்கிய பதில்களை, தனித்தனி மனிதர்களின் குணத்தை அளந்து எடுத்த சராசரியோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை. அமெரிக்கர், கனடாக்காரர் இருவரின் குணச் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-க்குப் போவோம். பிரிட்டனுக்கு அனுப்பிய வீரர்களுக்கு அமெரிக்க இராணுவத் துறை ஒரு கையேடு கொடுத்தது. பெருமை பேசாதே, சம்பளத்தைக் காட்டிக்கொள்ளாதே என்றது அது. காரணம் இருந்தது. அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் பிரிட்டிஷ் சிப்பாயின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. ரேஷனில் வாழ்ந்த ஊருக்குள் சாக்லேட்டும் சிகரெட்டுமாக இளைஞர்கள் வந்து இறங்கினால் உள்ளூர்க்காரர் மனம் என்ன பாடுபடும்! அங்கே இருந்தது சம்பள வித்தியாசம். மக்கள் மனதில் நின்றதோ 'அமெரிக்கரின் குணம்'. சந்தர்ப்பத்தால் வந்த ஒன்றைப் பிறவிக் குணமாக எழுதிவைத்துவிடுகிறோம். சந்தர்ப்பம் போன பிறகும் அந்த எழுத்து அழிவதில்லை.

அரசின் செயலையும் இப்படித்தான் தனி மனிதர் தலையில் ஏற்றுகிறோம். இந்தோனேசியாவில் அமெரிக்காவைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் 2003-இல் 15 சதவீதம்தான் என்றது பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பு. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. இந்தோனேசியாவின் ஆச்சே கடலோரத்தில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நின்றது; அதிலிருந்து ஹெலிகாப்டர்கள் உணவும் தண்ணீரும் கொண்டுபோய் இறக்கின. 2005-இல் அதே கணிப்பில் 38 சதவீதம். இரண்டு வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் குணமா மாறியிருக்கும்?

அரசுகள் மீது மக்களுக்கு வரும் கோபம் பல வேளைகளில் நியாயமானது. ஈராக் போரை எதிர்த்து 2003 பிப்ரவரியில் தெருவில் இறங்கிய பல லட்சம் பேரின் கோபம் அப்படிப்பட்டதுதான். நியூயார்க்கிலும் அன்று பெருங்கூட்டம் திரண்டது. அந்த ஊர்வலத்தில் நடந்த பெண்ணொருத்தி அடுத்த மாதம் பாரிஸ் போனால், உணவுவிடுதியில் அவளுக்குக் கிடைப்பதும் அதே சுளித்த முகம். என்னால் ஏற்க முடியாதது இதைத்தான்.

இந்தப் படத்தில் இன்னொரு கோணலும் உண்டு: அதிலிருக்கும் அமெரிக்கர் எப்போதும் வெள்ளையர். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் 'நான் அமெரிக்கன்' என்றால், 'சரி, உண்மையில் எந்த ஊர்?' என்று மறுபடி கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகு, போருக்கும் அவர்களிடமே விளக்கம் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.