போஷன் எறிஞ்சது அக்கா, ஆப்பிள் ஊட்டுனது தம்பி: சலுகை யாருக்கு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த மைன்கிராஃப்ட் கேள்வி. இந்தத் தடவை வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதாக்கும். குழித்துறைப் பக்கத்துல இருந்து ஒரு அக்காவும் தம்பியும் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காவ. பேசுறது அக்கா. பின்னால தம்பி ஒருத்தன் "பொய், பொய்"ன்னு கத்திட்டே இருக்கான். கேட்டு நான் சிரிச்ச சிரிப்புக்கு அளவே இல்ல.

புதுசா கேக்கவங்களுக்கு: வில்லேஜர்னா கேமே ஓட்டுற கிராமத்து ஆளு, எமரால்டுங்கிற பச்சைக்கல்லக் காசா வாங்கிட்டு சாமான் விப்பான். லைப்ரரியன் புத்தகம் விக்கிறவன், மென்டிங் புக்கு தேஞ்ச ஆயுதத்தச் சரியாக்குற மந்திரப் புத்தகம், வீக்னெஸ் போஷன் ஆளப் பலவீனமாக்குற மருந்து. அவ கேக்கது இது. "அண்ணா, எங்க லைப்ரரியன் வில்லேஜர ஜாம்பி கடிச்சிட்டு. நான்தான் சாமானெல்லாம் தேடி வீக்னெஸ் போஷன் செஞ்சேன், நான்தான் எறிஞ்சேன். இவன் சும்மா வந்து கோல்டன் ஆப்பிளக் குடுத்தான். குணமாயிட்டு. இப்ப இவன் போனா மென்டிங் புக்கு 13 எமரால்டு, நான் போனா 38. ஒரே வீட்டு வைஃபை, ஒரே வேர்ல்டு. இது ஏமாத்து இல்லியா?"

மக்களே, ஏமாத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. மைன்கிராஃப்ட்டோட கணக்கு அப்பிடி. ஜாம்பி ஆன வில்லேஜர யாரு மயக்குனான்னு கேம் பாக்காது. யாரு கையில இருந்து ஆப்பிள் போச்சுன்னு மட்டும்தான் பாக்கும். ஆப்பிள் உள்ள போன அந்த நிமிஷமே, ஊட்டுனவன் யாருன்னு அந்த ஜாம்பிக்குள்ள குறிச்சு வச்சுக்கிடும். குணமாகி எந்திரிச்சதும் அந்த ஆளுக்கு மட்டும் நன்றிக்கடன். நீ நெதர்ங்கிற நெருப்பு உலகம் வரைக்கும் போயி பிளேஸுங்கிற நெருப்புப் பூதத்த அடிச்சு, அது தாற கம்ப வச்சு போஷன் காய்ச்சுற பிரூயிங் ஸ்டாண்டு செஞ்சு, சிலந்திக் கண்ணு, சீனி, பிரவுன் காளான் மூணையும் சேத்து, வெடிமருந்தும் போட்டு எறிஞ்சிருப்ப. அதுக்கு ஒரு சல்லிக்காசு மதிப்பு இல்ல. கஞ்சி வச்சவளுக்கு இல்ல, ஊத்துன கைக்குத்தான் புண்ணியம். இதுக்குப் போயி வெப்ராளப்படாதே.

நான் சொல்லுறது எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவா பதிப்புக்கு. இவங்க ரெண்டு பேரும் லேப்டாப்புல லேன் போட்டு, அதாவது ஒரே வீட்டு நெட்வொர்க்குல சேந்துதான் விளையாடுறாவ, அதனால சரியா பொருந்தும்.

இப்ப அந்த 13 எங்க இருந்து வந்துன்னு பாத்துக்கிடுங்க. இதை யாரும் விவரமா சொல்லுறது இல்ல. ஒவ்வொரு வில்லேஜரும் ஒவ்வொரு ஆளப் பத்தியும் மனசுல ஒரு கணக்கு வச்சிருக்கான். குணப்படுத்துனா ரெண்டு வகையா மார்க்கு விழும். ஒண்ணு பெரிய நன்றி, அது 20. ஆனா அதை அஞ்சு மடங்காக் கணக்கு வைக்கும், அப்ப 100. இன்னொண்ணு சின்ன நன்றி, அது 25. ஆக 125. மந்திரப் புத்தகத்துக்கு இந்த 125ல அஞ்சுல ஒரு பங்கு விலையில குறையும், அதாவது 25 எமரால்டு. 38ல 25 போனா 13. தம்பிக்கு வந்தது சரியாத்தான் வந்திருக்கு. 38ங்கிறது மென்டிங்குக்கு உச்ச விலை பாத்துக்கிடுங்க, 10ல இருந்து 38 வரைக்கும் எது வேணும்னாலும் விழும். உங்க லைப்ரரியன் கொஞ்சம் பேராசக்காரன்.

அதே லைப்ரரியன்கிட்ட பேப்பர் விக்கப் போனா இந்த அளவுக்கு இறங்காது. அங்க 125ல இருபதுல ஒரு பங்குதான், ஆறு. 24 பேப்பர் குடுக்க இடத்துல 18 குடுத்தா ஒரு எமரால்டு. ஆனா விவசாயி வில்லேஜர்கிட்ட அதே ஆறு என்ன வேலை பண்ணும் தெரியுமா? 6 பூசணிக்கு ஒரு எமரால்டு தாறவன், ஒரே ஒரு பூசணிக்கு ஒரு எமரால்டு தருவான். ஒண்ணுக்குக் கீழ போகாது. 4 தண்ணிமத்தனும் அப்பிடியே ஒண்ணாயிரும். அதனால மென்டிங்குக்காக லைப்ரரியன மட்டும் குணப்படுத்திட்டு உக்காந்திருக்காம ஒரு விவசாயியையும் பாருங்க. சத்தியமா லாபம் அங்கனதான் இருக்கு.

இன்னொரு விஷயம், தம்பி நீயும் கேளு, ரொம்பத் துள்ளாத. அந்தச் சின்ன நன்றி ஒரு நாளைக்கு ஒண்ணு வீதம் கரையும். கேம்ல ஒரு நாளுன்னா நமக்கு 20 நிமிஷம். 25 நாள் போனா அது பூச்சியம், பெரிய நன்றி மட்டும் நிக்கும். அப்ப உனக்கு 13 இருக்காது, 18 ஆயிரும். அடிக்கடி போயி வியாபாரம் பண்ணிட்டே இருந்தா கொஞ்சம் பிடிச்சு நிறுத்தலாம். கையை நீட்டி அவன ஒரு அடி அடிச்சியோ, அதுக்கும் தனியா கணக்கு எழுதுவான்.

ஒரே ஆள்கிட்ட ரெண்டு விலை எப்பிடி இருக்கும்னு அக்கா கேக்கா. ஏன் இருக்காது? வடசேரி சந்தையில எங்க அம்மை போயி கேட்டா சாளைக்கு ஒரு விலை. நான் போயி அதே கூடையக் காட்டிக் கேட்டா வேற விலை. "அம்மைக்கு அவ்வளவுதானே"ன்னு கேட்டா "உங்க அம்மை பத்திருவது வருஷமா வாறா, நீ யாரு"ன்னு கேப்பாவ. அதேதான்.

இப்ப அக்காவுக்கு வழி என்ன? இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிக் கணக்கு இல்லியா, அப்ப அதே லைப்ரரியன இன்னொரு தடவை ஜாம்பி கடிக்க விட்டு, இந்தத் தடவை நீ கையால ஆப்பிளக் குடுத்தா, உனக்கும் 13. தம்பியோட சலுகையும் போகாது, ஏன்னா ஜாம்பி ஆனாலும் அந்த மனக்கணக்கு, பழைய விலைப்பட்டியல் எல்லாம் அவன் மண்டையில அப்பிடியே இருக்கும். ஆனா டிஃபிகல்ட்டி ஹார்டுல வச்சிட்டுத்தான் இதைச் செய்யணும். ஹார்டுல ஜாம்பி கொன்னா வில்லேஜர் கண்டிப்பா ஜாம்பி ஆவான். நார்மல்ல பாதிக்குப் பாதி, ஆவான் இல்ல சாவான். ஈஸியில செத்தே போவான். நார்மல்ல வச்சு இதைப் பரீட்சை பண்ணி மென்டிங் போச்சுன்னா, அப்புறம் வீட்டுல நடக்க சண்டைக்கு நான் பொறுப்பு இல்ல.

பழைய வீடியோ எல்லாம் பாத்துட்டு "அஞ்சு தடவை கடிக்க விட்டு அஞ்சு தடவை குணப்படுத்துனா எல்லாமே ஒரு எமரால்டு"ன்னு கமெண்டுல எழுதுறாவ. அது அந்தக் காலம். 2023ல 1.20.2 பதிப்பு வந்ததோட ஒரு ஆளுக்கு ஒரு தடவை சலுகைதான். ரெண்டாந்தடவை நீயே குடுத்தா கரைஞ்ச சின்ன நன்றி மட்டும் திரும்ப நிறையும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்கு அந்த மாத்தம் கொள்ளாம்னுதான் தோணுது. ஒருத்தன அஞ்சு தடவை கடிக்க விட்டு அஞ்சு தடவை வைத்தியம் பாக்கது, பேருதான் வைத்தியம்.

சரி, இதுக்கு எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு இருக்கு. நம்ம ரெகுலர் ஆளுகளுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். ஆமா, கூரைதான். முதல்ல கூரை. எத்தனை வீடியோவுல சொன்னாலும் திரும்பவும் சொல்லுகேன், முதல்ல கூரை, அப்புறம் போஷன், அப்புறம் ஆப்பிள். ஆப்பிள் குடுத்ததும் குணமாயிட்டுன்னு நினைக்காவ. இல்ல மக்கா. மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த நேரம் பூரா அது ஜாம்பிதான். விடிஞ்சு வெயில் அடிச்சா எரியும். பக்கத்துல நிக்க வேற வில்லேஜரக் கடிக்கும். உன்னையும் அடிக்கும், முன்னைய விட பலமா. ஊருக்குக் காவல் நிக்க அயர்ன் கோலம்ங்கிற இரும்பு ஆளு கண்டா அடிச்சே கொன்னுரும், எட்டு தங்கக்கட்டி சேத்துச் செஞ்ச ஆப்பிளோட சேத்து அடக்கம்.

தக்கலையில எங்க சித்தி மகன் ஒருத்தன் இருக்கான். அவனும் கூரை போட்டான். நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான் போட்டான். ஆனா எதுல போட்டான்? கண்ணாடியில. "உள்ள என்ன நடக்குன்னு மேல நின்னு பாக்கலாம்லாண்ணே"ங்கான். விடியுற வரைக்கும் அழகா நடுங்கிட்டு நின்னுருக்கு. விடியக்காலம் வெயில் கண்ணாடி வழியா நேரா இறங்கி, சவம் கண்ணு முன்னாலயே எரிஞ்சு போச்சு. நல்லாத் தெரிஞ்சுது இல்லியா, அதுக்குத்தானே கண்ணாடி போட்டான்! வெயிலுக்குக் கண்ணாடி கூரையே இல்ல. கல்லு, மண்ணு, பலகை, எதுனாலும் சரி, வெளிச்சம் கீழ இறங்காததா இருக்கணும். பாக்கணும்னு ஆசையா இருந்தா பக்கச் சுவருல ஒரு சின்ன ஓட்டை விடு.

சரியா ஆயிட்டான்னு எப்பிடித் தெரியும்? போஷன் பட்டதும் உடம்பச் சுத்தி சாம்பல் கலர்ல சுழி சுழியா வரும். அது வந்தாத்தான் ஆப்பிள எடுக்கணும். போஷனோட வேகம் ஒண்ணரை நிமிஷம்தான், அதுக்குள்ள குடுக்கணும். சுழி இல்லாம ஆப்பிள நீட்டிட்டே நின்னா அது வாங்கவே வாங்காது. ஆப்பிளும் உன் கையிலயே இருக்கும், நஷ்டம் இல்ல, அடிதான் மிச்சம். வாங்கிட்டுன்னா ஒரு சீறல் சத்தம் கேக்கும், சுழியோட கலர் மாறும், உடம்பு குளிர் காய்ச்சல் வந்த மாதிரி வெடவெடன்னு ஆடும். அந்த ஆட்டத்தப் பாத்தாச்சுன்னா பைய விலகி நில்லு. தூரத்துல போயிராத. நீ ரொம்பத் தூரம் போனா அந்த இடமே உறைஞ்சு நிக்கும், நேரம் ஓடாது. தனியா விளையாடுறவன் எஸ்கேப் அமுக்கிட்டு சாயா குடிக்கப் போனாலும் அப்பிடித்தான், நிமிஷம் எல்லாம் நின்னுரும். லேன்ல திறந்து விட்டிருந்தா நிக்காது.

கட்டிலும் இரும்புக் கம்பியும் சுத்தி வச்சா சீக்கிரம் குணமாகும்னு சொல்லுகாவல்லா, அது உண்மைதான். ஆனா 14 வரைக்கும்தான் கணக்கு. அவ்வளவும் வச்சாலும் அஞ்சு நிமிஷத்துல ஒரு பத்துப் பன்னெண்டு செகண்டு மிச்சம். அந்தக் கம்பி செய்ய இரும்பு உருக்குற நேரத்துல வில்லேஜர் எந்திரிச்சு வந்து உனக்கு புக்கு வித்துருவான்.

பச்ச அங்கி போட்ட ஜாம்பி வில்லேஜர் வந்துன்னா கவனம். அது நிட்விட். குணமானாலும் எந்த வேலையும் செய்யாது, எதுவும் விக்காது. பிள்ளை பெருக்குறதுக்கு வேணும்னா வச்சுக்கிடலாம், மென்டிங் கனவு மட்டும் வேண்டாம்.

உண்மையில இந்த அக்கா என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது வேற. "அண்ணா, ஜாம்பி எப்பிடி எங்க லைப்ரரியன் பக்கத்துல வந்துது?" அதைக் கேக்கவே இல்ல! புத்தகம் விக்கிறவன வெளிய அலைய விட்டா கடிக்கத்தான் செய்யும். ராத்திரி நேரம் கிராமத்துக்குள்ள ஜாம்பிக் கூட்டம் தானா வந்து இறங்குற முற்றுகைன்னு ஒண்ணு இருக்கு. ஹார்டுல மரக்கதவையும் உடைக்கும். அதனால வேலை பாக்குற வில்லேஜருக்கு லெக்டர்ன்ங்கிற புத்தக மேசை முன்னால ஒரு கட்டம் இடம், நாலு பக்கமும் சுவரு, தலைக்கு மேல கூரை. அதுக்கும் கூரைதான், பாத்தியளா.

இனி அக்காவுக்கு என் தீர்ப்பு. இன்னொரு தடவை கடிக்க விட்டு ஆப்பிள் செலவழிக்கணும்னு எல்லாம் இல்ல. புத்தகம் யாரு வாங்குனாலும் யாரு வாளுல வேணும்னாலும் போடலாம். எமரால்ட எண்ணி தம்பி கையில குடு, 13க்கு வாங்கித் தரச் சொல்லு. போஷன் செலவு உன்னுது, அதனால முதல் மூணு புத்தகம் அவன் காசுல உனக்கு. கமிஷன் கேட்டான்னா, வாய்ஸ் மெசேஜுல பின்னால அம்மை குரலும் கேட்டுது, அங்கன சொல்லு.

அடுத்தது கொல்லங்கோட்டுல இருந்து. "குட்டி ஜாம்பி வில்லேஜர குணப்படுத்துனா பெரிய ஆளா வருமா"ன்னு. வராது மக்கா, குட்டியாத்தான் எந்திரிக்கும், அப்புறம் வளரும். ஆனா அது பிடிக்க முன்னால ஓடுற ஓட்டம் இருக்கே...