ரிப்போர்ட் நார்மல், கை மட்டும் நார்மல் இல்லை

வணக்கம். போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பேசுகிறேன், கையில் தூக்கிப் பிடித்துப் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்திலேயே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்விடும். அதோடு தோளிலிருந்து முழங்கை வரை ஒரு குடைச்சல். சில நாள் சும்மா மதமதவென்று இருக்கும். சில நாள் சட்டைப் பித்தானைப் போடும்போதே சுரீர் என்று இழுக்கும்.

டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. கழுத்துக்கு எம்ஆர்ஐ, கைக்கு நரம்பு கடத்தல் பரிசோதனை, ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12. எல்லாமே நார்மல். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு சுற்றி இருப்பவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. "அதான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் ஏன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்காகத்தான் இன்றைய வீடியோ.

ஒரு டெஸ்ட் நார்மல் என்றால், அந்த டெஸ்ட் எதைத் தேடியதோ அது கிடைக்கவில்லை என்று அர்த்தம். எதைத் தேடியது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அதனால் நரம்பு டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் கை சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாக வேலை செய்யும், கணக்கு தப்பிவிடும். அதனால் கையைச் சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். விரலில் வளையம் போல் ஒரு கம்பி, மணிக்கட்டில் ஒரு சின்ன ஷாக். நாம் அசைக்காமலே விரல் துள்ளும், திரையில் ஒரு அலை எழும்பி இறங்கும். அந்த அலை எவ்வளவு வேகமாக வந்தது, எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு.

இந்த அலையை உண்டாக்குவது தடித்த, வேகமான நரம்பிழைகள். வலியையும் சூடு, குளிர்ச்சியையும் சொல்லும் இழைகள் மிக மெல்லியவை. அவை இந்த டெஸ்டில் தெரியவே தெரியாது. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து நரம்பு முனைகளை எண்ண வேண்டும். உடனே ஓடிப்போய் அதைக் கேட்காதீர்கள். மெல்லிய இழைகள் பழுதானால் பெரும்பாலும் பாதத்தில்தான் எரிச்சல் தொடங்கும். ஒரு கையில் மட்டும் தொல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை அல்ல.

ஒரு கையில் மட்டும் தொல்லை உள்ளவர்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. நரம்பு எப்போதாவது மட்டும் நசுங்கலாம். கையை மடக்கினால் நசுங்கும், நீட்டினால் விடுபடும். டெஸ்ட் எடுக்கும்போது நாம் நிம்மதியாகப் படுத்திருக்கிறோம், அப்போது நரம்பும் நிம்மதியாக இருக்கும். அதேபோல் கழுத்தில் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம், நசுங்கினாலும், தொடு உணர்வுக்கான அலை பெரும்பாலும் நன்றாகவே வரும். அந்த உணர்வு நரம்பின் செல்கள் நசுங்கும் இடத்தைத் தாண்டி வெளியே இருக்கின்றன, கைப்பக்கம் போகும் இழைகளுக்குச் சேதம் இல்லை. தசையில் ஊசி போட்டுப் பார்க்கும் ஈஎம்ஜியிலும், கோளாறு தொடங்கி 2, 3 வாரம் ஆன பிறகுதான் அடையாளம் தெரியும். முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டு நார்மல் என்றால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எம்ஆர்ஐயில் இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. வலியே இல்லாத ஏராளமான பேரின் கழுத்தில்கூட டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். ஆகவே படத்தில் ஏதோ தெரிந்துவிட்டால் அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. படத்தை மட்டும் வைத்து வைத்தியம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

சரி, டெஸ்டில் தெரியாததை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் உங்கள் விரல்கள் பேசும். கையை இப்படிக் கேமராவுக்கு நேராக வைக்கிறேன், பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் நடு விரலை ஒட்டிய பாதி. இவ்வளவும் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பின் பங்கு. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டு விரலும் முழங்கையின் உள்பக்கமாகப் போகும் நரம்பின் பங்கு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அதே நரம்புதான்.

இப்போது மோதிர விரலை மட்டும் கவனியுங்கள். இன்னொரு கை விரலால் அதன் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தடவுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிந்தால், கோளாறு கழுத்தைவிடக் கையில் போகும் நரம்பில் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படிப் பிரியவில்லை. மோதிர விரல் முழுவதும் மரக்கிறது, முன்கையின் உள்பக்கமும் சேர்ந்து மரக்கிறது. முழங்கை நரம்பு முன்கைத் தோலுக்கு உணர்வு தருவதில்லை. அதனால் இன்னும் மேலே பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். கையைத் தூக்கினால் அதிகமாகிறது என்பதையும் சேர்த்து, கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவே நரம்புக் கொத்து போகும் வழியில் தசை இறுகியிருக்கலாம் என்பது இப்போதைய ஊகம். ஊகம்தான். உறுதியான பெயர் இன்னும் கிடைக்கவில்லை, பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு தாள்தான். கையின் படத்தை வரைந்து, மரக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். வலிக்கும் இடத்துக்கு வேறு நிறம். பக்கத்தில் எப்போது, கை எந்த நிலையில் இருந்தது, எந்த வேலை செய்ய முடியவில்லை என்று ஒரு வரி. "கை வலிக்கிறது டாக்டர்" என்று சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். "தலை வாரக் கையைத் தூக்கினால் சுண்டு விரல் மரக்கிறது, இறக்கினால் சரியாகிவிடுகிறது" என்று சொன்னால் எழுந்து வந்து கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: இந்த டெஸ்டில் எது தெரியாமல் போக வாய்ப்பு இருக்கிறது, எப்போது திரும்ப எடுக்க வேண்டும்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்பவர் நல்ல மருத்துவர்.

காரணம் தெரியும் வரை நாளை ஓட்ட வேண்டுமே. எனக்கு ராத்திரிதான் பெரிய தொல்லை. தூக்கத்தில் முழங்கையை மடக்கி, கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்வேன். இப்போது ஒரு டவலை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்கிறேன். முழுவதும் மடக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை நசுக்கும். உங்களுக்குக் கட்டை விரல் பக்கம் மரத்து, நடு ராத்திரியில் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை பயன்படும். மணிக்கட்டு மேலேயும் வளையக் கூடாது, கீழேயும் வளையக் கூடாது.

நரம்பு நழுவும் பயிற்சி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். கையை மெல்ல அசைத்து, நரம்பை அதன் பாதையில் முன்னும் பின்னும் நழுவ விடுவதுதான் அது. மெதுவாகச் செய்ய வேண்டும். தசையை இழுப்பது போல் நரம்பை இழுத்துப் பிடித்தால் அது முறைத்துக்கொள்ளும். செய்து முடித்த பிறகும் மதமதப்பு அடங்கவில்லையென்றால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். அதற்காகக் கையை மடியில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம். அசையாத கை இன்னும் இறுகும். நல்ல நாள் வந்தால் மிச்சம் இருக்கிற வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கத் தோன்றும், அதுதான் ஆபத்து. மறுநாள் வட்டியோடு வசூலிக்கும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், காபாபென்டின், ப்ரீகாபலின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் தரும் மருந்துகள் என்று இணையத்தில் படித்துவிட்டு, "எனக்கு மனநோய் என்று நினைக்கிறார்களா?" என்று நொந்துகொள்ளாதீர்கள். முதுகுத்தண்டு வழியாக மேலே போகும் வலிச் செய்தியை அவை அடக்குகின்றன, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

"எல்லாம் மனசுதான்" என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. சேதம் எதுவும் தெரியாத இடத்திலும் நரம்பு மண்டலமே வலியைக் கூட்டிக் காட்டுவது உண்டு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இதற்கு நோசிபிளாஸ்டிக் வலி என்று தனிப் பெயரே கொடுத்துவிட்டது. தூக்கம் கெட்டால், பயம் கூடினால் எந்த வலியும் கூடும், என் கையும் அப்படித்தான். அதனால் வலி பொய்யாகிவிடாது.

கடைசியாக, நான் சொன்ன எதையும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள். கை திடீரென்று பலமிழந்து, முகம் கோணி, பேச்சு குழறினால். மார்பு அழுத்தத்தோடு கை வலித்து, வியர்த்துக் கொட்டினால். கை வீங்கினால், நீலம் பாய்ந்தால், வெளுத்துச் சில்லிட்டால். சிறுநீர் கட்டுப்பாடு போனால். இவை அவசரம். கட்டை விரல் அடியில் இருக்கும் சதை வற்றினால், பிடித்த பொருள் அடிக்கடி நழுவினால், இரண்டு கையும் தடுமாறி நடையும் தள்ளாடினால், பழைய ரிப்போர்ட் நார்மல் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பழைய ரிப்போர்ட் அன்றைய கையைப் பற்றியது. புதிதாக வந்ததைப் புதிதாகத்தான் சோதிக்க வேண்டும் என்று அங்கே அழுத்திச் சொல்லுங்கள்.