பதிகாலமும் ஹூஸ்டனும்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

தமிழ் மேடையில் இங்கிலீஷ் ராப் பற்றி என்னங்க பேச்சு என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ராப்பில் கேட்கிற நம்ம கோயில் கொட்டு, செண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றதும் சரியென்றுவிட்டார். மலையாள மாசம் மீனம் 20 ஆனால் நெம்மாறை-வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டுகிற ஊராயிற்றே இது!

நான் சொல்லவந்த ராப் பாடகர் ஹனுமான்கைண்ட் என்கிற சூரஜ் செருகாட் மலப்புறத்தில் பிறந்தவர், அமெரிக்காவில் ஹூஸ்டனில் வளர்ந்தவர். கல்லூரிக்கு வந்தது நம்ம கோயமுத்தூர். 2024 ஜூலையில் 'பிக் டாக்ஸ்' என்ற பாட்டு வந்தது. மரணக் கிணற்றுச் சுவரில் வண்டிகள் சீறிச் சுற்ற, நடுவே நின்று பாடுவார். படமெடுத்தது பொன்னானியில். சித்தூர்ப்புழைத் தண்ணீர் பாரதப்புழையோடு சேர்ந்து கடலுக்குப் போகிற அதே பொன்னானிதான். "ஆழியாத்துல தண்ணி விட்டாத்தானே போகும்" என்கிறார் முன்வரிசையில் ஒரு ஐயா. தமிழ்நாடு ஆழியாற்றிலிருந்து நமக்கு விடவேண்டிய அந்த 7.25 டி.எம்.சி. தண்ணீர்ப் பஞ்சாயத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோமுங்க.

2025 மார்ச்சில் செண்டைக் கொட்டோடு 'ரன் இட் அப்' பாட்டு, ஜூலையில் 'மான்சூன் சீசன்' ஆல்பம். மழைக்காலம் என்று பெயர். மலப்புறத்துக்காரருக்கு அது பொருந்தும். கிழக்கன் பாலக்காட்டில் போர்வெல்லை நம்பித் தென்னை வைத்திருக்கிற நமக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சத்தத்துக்கு வருகிறேன். ஜப்பானிலே ரோலண்ட் கம்பெனி 1980இல் 808 என்று ஒரு தாளப்பெட்டி கொண்டுவந்தது. அதன் அடித்தொண்டை பேஸ்தான் இன்றைக்கும் ஹிப்ஹாப்புக்கு அஸ்திவாரம். இவர் பாட்டில் அது, சைலன்சர் கழன்ற லாரி பாலத்தைக் கடக்கிற மாதிரி நெஞ்சுக்கூட்டில் இறங்கும். காது வழியாக வருவது கொஞ்சம், விலா வழியாக வருவது மிச்சம். போனில் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்று சொல்லாதீர்கள், போன் ஸ்பீக்கருக்கு அந்த பேஸ் வராது.

ஹூஸ்டனுக்கென்று ஒரு குணம் உண்டு. 1990களில் டி.ஜே. ஸ்க்ரூ என்பவர் அங்கே இசைத்தட்டுகளின் வேகத்தைக் குறைத்து, குரல் குழைந்து இழுபடுகிற அளவுக்கு ஓட்டி கேசட்டாக விற்றார். ஊரே அதற்கு மயங்கியது. நிதானம் அந்த ஊரின் சொத்து. ஹனுமான்கைண்டின் தடித்த குரலில், அவசரமில்லாமல் சொல்லை அமர்த்தி வைக்கிற விதத்தில், எனக்கு அந்த வாடை அடிக்கிறது.

இப்போது செண்டை. கோயில் விழாவில் செண்டைக்காரர்கள் வரிசையாக நின்று கொட்டுகிற பஞ்சாரி மேளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் காலம், அதாவது மெதுவாக நடக்கிற பதிகாலம், தாளத்தின் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. எண்ணிக்கை குறையக் குறைய வேகம் ஏறும். வீக்கன் செண்டை தாளத்தைப் பிடித்து நிற்க, முன்வரிசையில் உருட்டுச் செண்டை பேசும். ஜால்ரா மாதிரியான இலைத்தாளம் சிதறும். கொம்பும் குழலும் எட்டிப் பார்க்கும். பதிகாலத்தில் தலைக்குமேலே கையை உயர்த்தியவர் அதை இறக்கி முடிப்பதற்குள் பக்கத்திலிருப்பவர் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். அந்தப் பொறுமைக்குப் பிறகு ஐந்தாம் காலம் வந்து விழும்போது, கூட்டத்தில் ஒரு கைகூடக் கீழே இருக்காது. மூன்று மணி நேரம் நின்ற கால்வலி அப்போது யாருக்கு ஞாபகம்?

'ரன் இட் அப்' எடுத்த எடுப்பிலேயே ஐந்தாம் காலத்துக்கு வந்துவிடுகிறது. மயிர்க்கூச்செறிகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். களரிச் சண்டையும் தெய்ய ஆட்டமும் வருகிற அந்த வீடியோவை என் பேரன் எத்தனை தடவை போட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் கொட்டு போன இடத்துக்கே திரும்பித் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டரில் லூப் என்பார்கள். மேளக்காரன் ஏறின படியில் திரும்ப இறங்கமாட்டான். அதே 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் செண்டைக் கலைஞர்களையே மேடையேற்றிப் பாடினார். அதில் ஆட்கள் கொட்டுகிறார்கள், கோல் தோலில் படுகிற சத்தம் இருக்கிறது. ஆல்பத்தில் கேட்டதைவிட எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

டென்சல் கரி, மாக்சோ கிரீம் மாதிரியான அமெரிக்கப் பாடகர்கள் கூடச் சேர்கிற பாட்டுகளில் நம்ம பக்கத்து ஊர்கள் மறைந்து ஹூஸ்டன் மட்டும் நிற்கிறது. அதுவும் அவர் ஊர்தானே, குறை சொல்ல நமக்கென்ன பாத்தியதை?

வார்த்தை புரியவில்லையே என்கிறீர்கள். புரிகிற ராப் வேண்டுமென்றால் அரக்கோணத்து அறிவு இருக்கிறார். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது, சிலோன் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர் பாட்டி வள்ளியம்மாளின் கதை வீட்டுக்கு வீடு போயிற்று. அவருக்கு ஊர் வார்த்தையில் இருக்கிறது, ஹனுமான்கைண்டுக்குக் கொட்டில் இருக்கிறது.

கோயில் வாத்தியத்தை இப்படி எடுக்கலாமா என்று ஒரு பெரியவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஐயா, ஆடிக்கொண்டே செண்டை கொட்டுகிற சிங்காரி மேளம் நகைக்கடைத் திறப்புக்கும் வந்தாயிற்று, கட்சி ஊர்வலத்துக்கும் வந்தாயிற்று. அப்போதெல்லாம் நாம் வேடிக்கைதான் பார்த்தோம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் செண்டைக் கச்சேரியான தாயம்பகாவின் சாயல் உண்டு என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். கச்சேரிக்கு அதனால் கெட்டது ஒன்றுமில்லையே.

என் ஆதங்கம் வேறுங்க. ஹூஸ்டனின் நிதானமும் ஹனுமான்கைண்டிடம் இருக்கிறது, செண்டையும் இருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடம் பதிகாலம். அங்கே அவர் இன்னும் போகவில்லை. 96 அட்சரத்தின் இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாக வைத்து ஒரு பாட்டைத் தொடங்கட்டும். 808-ம் வீக்கன் செண்டையும் சேர்ந்து தாளம் பிடிக்கட்டும். அந்தப் பாட்டு பத்து நிமிடம் ஆனாலும் உட்கார்ந்து கேட்க இந்தத் தாலுகாவில் ஆள் உண்டு. தம்பிகளே, அவர் செய்யாவிட்டால் நீங்கள் செய்யுங்கள். எல்லையில் வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயமுத்தூரில் ஸ்டுடியோ இருக்கிறது. கொட்டுவதற்கு நெம்மாறையில் ஆள் இருக்கிறார்கள்.