கதவு திறக்குமா?

வணக்கம்.

அணுமின் நிலையத்தில் அவசரநிலை ஆயத்தம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பல வருஷமாக இதையே செய்து வருகிறேன். வேலையின் பெயரைக் கேட்டதும் பெரிய பெரிய கருவிகளோடு அலைபவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் பையில் இருப்பது ஒரு டார்ச், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கோடு போட்ட நோட்டு. இன்றைக்கு இந்த வானொலிப் பேச்சில் நான் பேசப்போவதும் பெரும்பாலும் கதவு, சாவி, பேட்டரி, பஸ் பற்றித்தான். கதவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, மேலே சாம்பல்தான் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். உலையும் அப்படித்தான். 3,000 மெகாவாட் வெப்பம் தருகிற ஓர் உலையை நிறுத்திய கையோடு பார்த்தால், அதில் 6 சதவீதத்துக்கு மேல், ஏறக்குறைய 200 மெகாவாட், இன்னமும் வந்துகொண்டிருக்கும். எரிபொருளுக்குள் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் வரும் சூடு அது. எந்த சுவிட்சைத் தட்டியும் அதை அணைக்க முடியாது. ஒரு நாள் கழித்தும் பத்துப் பதினைந்து மெகாவாட் மிச்சம் இருக்கும். ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு பம்ப் ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் போனால் பேட்டரி. பேட்டரியும் தீர்ந்துவிட்டால், அப்புறம் மனிதர்கள்தான். நான் பார்க்கப் போவது அந்த மனிதர்களை.

ஒவ்வொரு நிலையத்திலும் தலையணை தடிமனுக்கு ஓர் அவசரநிலைத் திட்டம் இருக்கும். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஊரை முதலில் காலி செய்ய வேண்டும், எல்லாம் எழுதியிருக்கும். சர்வதேச அணுசக்தி முகமை, பெரிய உலைகளைச் சுற்றி 3 முதல் 5 கிலோமீட்டர் வரை ஓர் உள்வட்டம், 15 முதல் 30 கிலோமீட்டர் வரை ஒரு வெளிவட்டம் என்று பரிந்துரைக்கிறது. உள்வட்டத்தில் இருப்பவர்களை, கதிரியக்கக் கசிவு தொடங்கும்வரை காத்திராமல், அதற்கு முன்பே நகர்த்தப் பார்க்க வேண்டும். வரைந்து காட்ட இங்கே கரும்பலகை இல்லை. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், நடுவில் உலை, அவ்வளவு தெரிந்தால் போதும்.

திட்டத்தை நான் முழுக்கப் படிப்பேன். படித்து மூடி வைத்துவிடுவேன். காகிதத்தில் தப்பு இருப்பது அபூர்வம், படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியது. அதற்குப் பிறகு நடக்கிற ஒத்திகையில்தான் எனக்கு வேலை.

ஒத்திகையில் நான் அதிகம் கேட்கிற சொல் எது தெரியுமா? 'வைத்துக்கொள்வோம்.' ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தகவல் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். மாத்திரை கொடுத்தாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். மத்தியானத்துக்குள் பக்கம் நிறைந்துவிடும். எல்லாவற்றையும் நிஜமாகவே செய்து பார்க்க முடியாது, எனக்கும் தெரியும். ஓடுகிற நிலையத்தில் நிஜமாக வால்வைத் திருப்பச் சொல்ல முடியுமா? ஆனால் பூட்டைத் திறக்கலாமே. போன் செய்து பார்க்கலாமே. டார்ச்சைத் தட்டிப் பார்க்கலாமே.

ஒரு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். கதிர்வீச்சு அளவிடும் கருவிகள் வைத்திருந்த அலமாரியைத் திறக்க வேண்டிய கட்டம். ஒத்திகையை நடத்திய அதிகாரி வழக்கம்போல, "திறந்தாச்சுன்னு வச்சுக்கலாம் மேடம்" என்றார். இல்லை, திறங்கள் என்றேன். சாவிக்கொத்து வந்தது. ஒரு பெரிய வளையம், அதில் முப்பது நாற்பது சாவிகள், ஒன்றிலும் சீட்டு இல்லை. ஒட்டியிருந்த சீட்டெல்லாம் எப்போதோ உரிந்துபோய்ப் பசையின் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. திறக்க வந்த பையன் முகமூடி போட்டிருந்தான். கையில் உள்ளே பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை. இரண்டு உறை போட்ட விரலால் மெல்லிய சாவி ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும். சாவி நழுவுகிறது, முகமூடியின் கண்ணாடியில் ஆவி படிகிறது, பின்னால் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஸ்டாப்வாட்சில் 17 நிமிஷம் ஆனபோது அலமாரி திறந்தது. உள்ளே கருவிகள் பளபளவென்று இருந்தன. பேட்டரி மட்டும் இல்லை. உள்ளேயே வைத்தால் கசிந்து கருவி கெட்டுப்போகும் என்று யாரோ அக்கறையாகக் கழற்றி வேறு கட்டிடத்தில் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் வீட்டில் கரண்ட் போகும்போது டார்ச்சைத் தேடியவர்கள்தான். தேடிக் கிடைத்ததும் எரியாமல் போன அனுபவமும் இருக்கும். அதனால் யாரையும் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவனை யாராவது திட்டினால் என் அறிக்கையில் அதையும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சரி, கதவுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பிடித்த கதை என்று சொல்வது கொஞ்சம் அபத்தம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

ஜப்பானில் காஷிவசாகி-கரிவா என்று ஓர் அணுமின் நிலையம். ஏழு உலைகள், திறனில் உலகத்திலேயே பெரியது. 2007 ஜூலை 16, திங்கட்கிழமை. அங்கே அது விடுமுறை நாள், அதனால் ஆட்கள் குறைவு. காலை பத்தேகால் வாக்கில் பலத்த நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாகவே நின்றன, அதில் குறையில்லை. ஆனால் மூன்றாம் உலைக்கு வெளியே இருந்த மின்மாற்றி தீப்பிடித்துக்கொண்டது. அணைக்கப் போனார்கள். நிலத்தடியில் போன தீயணைப்புக் குழாய் உடைந்திருந்தது, குழலில் தண்ணீர் சொட்டியது. சரி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம். நேரடித் தொலைபேசி எங்கே இருக்கிறது? அவசரநிலை அறையில். அவசரநிலை அறையின் கதவோ நிலநடுக்கத்தில் சட்டம் கோணி இறுகிவிட்டது. திறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவசரநிலைக்கென்றே ஓர் அறை, அதில் அவசரத்துக்கென்றே ஒரு போன், அவசரம் வந்ததும் அதன் கதவு திறக்கவில்லை. எத்தனை ஒத்திகை நடந்திருக்கும் அந்த அறையில்! எல்லா ஒத்திகையிலும் கதவு நன்றாகத்தான் திறந்திருக்கும். தீ அணைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. கரும்புகை எழும் காட்சி உலகமெல்லாம் தொலைக்காட்சியில் ஓடியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. அந்த நிலையத்தை நடத்துகிற மின் நிறுவனம், டெப்கோ, இந்த அவமானத்துக்குப் பிறகு தன் அணுமின் நிலையங்களில் நிலநடுக்க அதிர்வு ஏறாத தனிக் கட்டிடங்களைக் கட்டியது. சொந்த ஜெனரேட்டர், வடிகட்டிய காற்று, எல்லாம் உள்ளேயே. அவற்றில் ஒன்றான ஃபுகுஷிமா தாயிச்சி நிலையத்தில் அந்தக் கட்டிடம் 2010 ஜூலையில் தயாரானது. எட்டே மாதம்! 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, கரண்ட் போய், டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கி, எல்லாம் இருண்டபோது, நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து உலைகளோடு போராடியது அந்தக் கட்டிடத்துக்குள் இருந்துதான். கட்டுப்பாட்டு அறையில் முள் அசையாத மீட்டர்களைப் படிக்க, வாகன நிறுத்தத்தில் இருந்த கார்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்தார்கள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் தகவலெல்லாம் வந்து சேர ஓர் இடம் இருந்தது என்றால், நாலு வருஷம் முன்பு இன்னொரு ஊரில் ஒரு கதவு திறக்காமல் போனதுதான் காரணம்.

அதோடு முடியவில்லை. உலைக் கட்டிடங்கள் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறியபோது அந்தப் புதுக் கட்டிடத்தின் வாசல் கதவும் கோணிக்கொண்டது. இடுக்கு வழியாகக் கதிரியக்கத் தூசு உள்ளே வந்தது. மறுபடியும் கதவு! நான் கதவு கதவு என்று புலம்புவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதே ஃபுகுஷிமாவில், நிலையத்துக்கு வெளியே சுமார் 5 கிலோமீட்டரில் அரசாங்கத்தின் அவசரநிலை மையம் ஒன்று இருந்தது. அணு விபத்தைச் சமாளிப்பதற்கென்றே கட்டியது. அதற்குக் காற்று வடிகட்டி கிடையாது. கதிர்வீச்சு ஏறியதும் நாலே நாளில் அதைக் கைவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. இதில் என்னைப் போன்றவர்களுக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. வடிகட்டி இல்லை, கவனியுங்கள் என்று 2009 பிப்ரவரியிலேயே வேறொரு அமைச்சகம் மதிப்பாய்வு செய்து எழுதிக் கொடுத்திருந்தது. எழுதிக் கொடுத்தது கோப்பில் இருந்தது. அதனால் நான் இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் கேட்பது போன தடவை அறிக்கையைத்தான். போன தடவை சொன்னதில் எத்தனை முடிந்தது? 'நடவடிக்கையில் உள்ளது' என்று பதில் எழுதியிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

கதவை விடுவோம். பஸ்ஸுக்கு வருகிறேன்.

ஓர் ஒத்திகையில் மக்களை வெளியேற்ற பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே. எல்லாரும் கைதட்டினார்கள். நான் முதல் பஸ்ஸில் ஏறி ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். நிஜமாகவே நடந்தாலும் இப்படி வந்துவிடுவீர்களா என்று கேட்டேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மேடம், நீங்க கேட்டதால சொல்றேன். என் வீடும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. முதல்ல என் பொண்ணையும் பேரனையும் ஏத்திப்பேன். அப்புறம்தான் மத்தவங்க" என்றார். இதுவரை உங்களிடம் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா என்றேன். "டூட்டி சீட்டு கொடுத்தாங்க மேடம், வந்தேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அறிக்கையில் அவர் பெயரைப் போடாமல் ஒரே வரி எழுதினேன்: ஓட்டுநர்களின் குடும்பத்தை முதலில் நகர்த்துங்கள், இல்லையென்றால் வட்டத்துக்கு வெளியே குடியிருக்கும் ஓட்டுநர்களைப் பாருங்கள். அடுத்த தடவை போனபோது அதைச் செய்திருந்தார்கள். என் வேலையில் மனசு நிறைந்த நாட்கள் கொஞ்சம்தான், அது ஒன்று.

திட்டம் எதிர்பார்த்த மாதிரி மனிதர்கள் நடப்பதில்லை. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச்சில் விபத்து நடந்தபோது, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளும் வெளியேறலாம் என்று ஆளுநர் சொன்னார். சில ஆயிரம் பேர் போக வேண்டிய இடத்தில் சுமார் 1,40,000 பேர் கிளம்பிப் போனார்கள். இன்னொரு பக்கம், நகர்த்தக் கூடாத விதத்தில் நகர்த்துவதும் நடக்கும். ஃபுகுஷிமா நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபுதாபா மருத்துவமனை. படுத்த படுக்கையான வயதான நோயாளிகள். அவர்களைச் சரியான துணையில்லாமல் பஸ்ஸில் ஏற்றி 200 கிலோமீட்டருக்கு மேல் அலைத்தார்கள். அந்த மருத்துவமனையிலும் அதை ஒட்டிய முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் 40க்கும் மேற்பட்டோர் அந்த மாதத்துக்குள் இறந்துபோனார்கள். கதிர்வீச்சினால் அல்ல. குளிர், பசி, தாகம், பயணம். ஒரு நாள் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே வைத்திருந்து, வண்டியும் மருத்துவரும் வந்த பிறகு நகர்த்தியிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். ஆகவே நான் இப்போது வட்டத்துக்குள் இருக்கும் மருத்துவமனையில் படுக்கைகளை எண்ணுவேன். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழைகிறதா என்று நானே தள்ளிப் பார்ப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். எச்சரிக்கைச் செய்தி, அயோடின் மாத்திரை, பால் என்று மூன்று விஷயம் வைத்திருந்தேன். ஓடிவிடுகிறேன்.

எச்சரிக்கை. கனடாவின் ஒன்டாரியோவில் 2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை காலை 7:23க்கு, பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று மாகாணம் முழுக்க செல்போன்கள் அலறின. ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமான சோதனையின்போது தவறிப்போன செய்தி. தவறு என்று மறுசெய்தி போக 108 நிமிஷம் ஆனது. அதனால் எச்சரிக்கையை அனுப்பத் தெரியுமா என்று கேட்டதோடு நிறுத்தாமல், திரும்பப் பெறத் தெரியுமா என்றும் நான் கேட்கிறேன்.

அயோடின் மாத்திரை. அது தைராய்டு சுரப்பியை மட்டும் காப்பாற்றும், வேறு எதற்கும் உதவாது. முன்கூட்டியோ, கசிவு வந்த சில மணி நேரத்துக்குள்ளோ போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு, குழந்தைகளுக்கு வயதுக்கேற்பக் குறைவு. ஆனால் முதலில் கொடுக்க வேண்டியது குழந்தைகளுக்குத்தான். சொன்னால் மட்டும் போடுங்கள், நீங்களாகப் போடாதீர்கள். மாத்திரை அலமாரியின் சாவி ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும் என்பதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

பால். செர்னோபில் அணு உலை விபத்தில், 1986இல், குழந்தைகளின் தைராய்டுக்குப் போன கதிரியக்க அயோடின் பெரும்பாலும் பால் வழியாகப் போனதுதான். புல்லில் விழுந்தது, மாடு மேய்ந்தது, பாலில் வந்தது. அந்த அயோடின் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும், அது தணியும்வரை அந்தப் பாலைக் கொடுக்காமல் இருந்தால்... சிவப்பு விளக்கு மினுக்குகிறது, பால் விஷயம் இன்னும் பாதி இருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.