இசைக் காணொளியை வளர்த்தது கருவியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இசைக் காணொளியை வளர்த்தது கலைஞரின் கற்பனையா, கருவியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், குயின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 1975ஆம் ஆண்டு 'பொஹீமியன் ராப்சடி' காணொளியைக் காட்டி, "இதைக் கருவியா கற்பனை செய்தது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதில் ஒரே முகம் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு மறைகிறதே, எப்படி? வீடியோ கேமராவை, அது எடுக்கும் படமே ஓடுகிற மானிட்டர் பக்கம் திருப்பினார்கள். மானிட்டரில் தெரிவதைக் கேமரா மறுபடி எடுக்கிறது. எடுத்தது மறுபடி மானிட்டருக்கே போகிறது. படத்துக்குள் படமாக முகம் நீண்டுகொண்டே போகிறது. முகங்கள் பலவாகப் பெருகும் காட்சிக்குக் கேமராவின் முன் பட்டை தீட்டிய லென்ஸ். படப்பிடிப்பு சுமார் 4 மணி நேரத்தில் முடிந்தது. ஃபிலிம் என்றால் லேபில் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். வீடியோ என்பதால் அங்கேயே பார்த்தார்கள், அங்கேயே திருத்தினார்கள். கேமராவையும் மானிட்டரையும் நேருக்கு நேர் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்குத்தானய்யா அந்தக் கற்பனையே தோன்றும்!

கற்பனை மட்டும் போதுமென்றால் 1940களிலேயே இந்தக் கலை நிலைத்திருக்க வேண்டுமே! அமெரிக்காவில் அப்போது பானோரம் என்றொரு பெட்டி இருந்தது. 10 சென்ட் போட்டால் சுமார் 3 நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும். அந்தப் படங்களுக்கு 'சவுண்டீஸ்' என்று பெயர். புகழ்பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனே அதில் வாசித்தார். திறமைக்கா பஞ்சம்? இல்லை. வழக்கமாக எட்டுப் படங்களை ஒரே சுருளில் ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்தது ஏழாவதாக இருந்தால், முந்தைய ஆறுக்கும் யாராவது காசு போட்டாக வேண்டும். போர்க்காலத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அந்தப் பத்தாண்டோடு சவுண்டீஸ் முடிந்தது. 1960இல் பிரான்சில் வந்த ஸ்கோபிடோன் பெட்டிதான், 36 படங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது.

இன்னொன்றைக் கேளுங்கள். பாடகரின் கூந்தல் மெதுவாக மிதக்கிறது, உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. என்ன வித்தை? பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 48 ஃபிரேமில், அதாவது 48 தனித்தனிப் படங்களாக, எடுப்பார்கள். அதை 24இல் ஓட்டும்போது உடல் மிதக்கும், உதடு பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். கேமரா 24இல் எடுத்ததை எடிட்டிங்கில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஒத்துவரும் 23.976இல் ஓடவிட்டு, பாட்டை அப்படியே வைத்தால், வெட்டில்லாத 4 நிமிடப் பாட்டின் முடிவில் உதடு ஏறக்குறைய 6 ஃபிரேம் பின்தங்கும். அவ்வளவு ஏன், ஸ்பீக்கர் 14 மீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி வந்து சேர ஒரு ஃபிரேம் தாமதம்! இந்தக் கணக்கு தெரியாதவர் எவ்வளவு பெரிய கற்பனையோடு வந்தாலும் எடிட்டிங் மேசையில் தலையில் கைவைத்துத்தான் உட்கார வேண்டும்.

எதிரணியின் கடைசி ஆயுதம், 2006இல் ஓகே கோ என்ற அமெரிக்க இசைக்குழு எடுத்த காணொளி. ஆட்டம் போட எட்டு ட்ரெட்மில் (ஓட்டப் பயிற்சி இயந்திரம்), அசையாத ஒரே கேமரா, வெட்டில்லாத ஒரே ஷாட். "இதில் என்ன பெரிய கருவி?" என்றார்கள். எடுத்த கருவியை மட்டும் பார்க்கிறீர்கள், கொண்டுபோய்ச் சேர்த்த கருவியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசைக் காணொளிச் சேனல் அமெரிக்காவில் தொடங்கியது; அதன்பிறகு ஒரு காணொளி எத்தனை முறை ஓடும் என்பது சேனல்காரர்கள் கையில் இருந்தது. 2005இல் யூடியூப் வந்தது. அடுத்த ஆண்டே இந்த ட்ரெட்மில் ஆட்டம் உலகம் சுற்றியது. 2012 டிசம்பரில் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' 100 கோடி பார்வைகளைத் தொட்டது. அதற்கு முன் யூடியூபில் எந்தக் காணொளியும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

அதே எட்டு ட்ரெட்மில்லை, அதே ஆட்டத்தை, 1996இல் எடுத்திருந்தால் அது எந்த வழியாக மக்களிடம் போயிருக்கும்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.