சிவப்பு மஃப்ளர் பெங்குவினைத் தூக்கிவிட்டேன்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கடுப்போடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். போன வீடியோவில் பீற்றிக்கொண்டேனே, சிவப்பு மஃப்ளர் போட்ட பெங்குவின், அதை அது நின்ற இடத்திலிருந்து தூக்கியாயிற்று. 9 விநாடி அனிமேஷன், 3 ராத்திரி வேலை. மஃப்ளர் காற்றில் ஆடுவதற்கே ஒரு ராத்திரி போனது. முதலில் மஃப்ளர் மட்டும் நடந்தது, பெங்குவின் நின்றுவிட்டது! சரி, விடுங்கள்.

ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது என்ற பாடம் அது. முதலில் தம்பிக்குக் காட்டினேன். பெங்குவினைப் பார்த்துச் சிரித்தான், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். அடுத்து அக்கா. “கம்ப்ரஸர் அழுத்திய வாயு அப்புறம் என்ன ஆகும்?” என்றேன். “மஃப்ளர் நல்லா இருந்துச்சுடா” என்றாள்.

அட, சொல்ல மறந்துவிட்டேன், தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். இன்னொன்று, பெங்குவின் வந்ததே சூடான வாயு பின்பக்கக் குழாயில் வெப்பத்தை விட்டுத் திரவமாகும் இடத்தில்தான். தம்பிக்கு அது பழைய கதை. அக்காவுக்கோ பாடத்தின் முடிச்சே அங்கேதான்.

படம் அக்காவை இழுத்துக்கொண்டு போனதற்கு முன்னறிவு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2006-இல் சான்செஸ், வைலி என்ற ஆராய்ச்சியாளர்கள் பனியுகம் பற்றிய பாடத்தை வைத்துச் சோதித்தார்கள். ஒரே நேரத்தில் பல தகவல்களை மனத்தில் தாங்கிப்பிடிக்கச் சிரமப்படுகிறவர்களைத்தான் சம்பந்தமில்லாத படங்கள் அதிகம் கவிழ்த்தன. அந்தப் படங்களை அவர்கள் அடிக்கடி, அதிக நேரம் பார்த்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. அது தெரியாமல் “உனக்கு அக்கறையே இல்லை” என்று திட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. (அக்காவிடம் நானும் அதைத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டாயிற்று.)

“படமே வேண்டாம், வெறும் அம்புக்குறி போதும்” என்கிற ஆட்களையும் பிடிக்காது. 1998-இல் ஹார்ப், மேயர் என்ற ஆராய்ச்சியாளர்கள் மின்னல் உருவாகும் பாடத்தில் சுவையான துணுக்குகளைச் செருகிப் பார்த்தார்கள். பாடம் புரிவது கெட்டது. ஆனால் துணுக்குகளைக் கடைசியில் வைத்தபோது பாதிப்பு குறைந்தது. ஆக, என் பெங்குவினுக்கு வேலை போகவில்லை! திரவம் மெல்லிய குழாய் வழியே போய், அழுத்தம் குறைந்து, உள்ளே வெப்பத்தை உறிஞ்சி மறுபடி வாயுவாகி முடிந்த பிறகு பெங்குவின் வருகிறது.

இதை அக்காவிடம் சோதிக்க முடியாது, சண்டையில் முழுப் பாடத்தையும் நானே ஒப்பித்துவிட்டேன். மாமா இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைக்கிறேன்.